மோதினாரின் துஆவுக்கு நான் சொன்ன ஆமீன்

உனக்கும், ஓசூரில் நீ நின்று கட்டும் கட்டடங்களில் வேலை செய்கிறவர்களுக்கும் அத்தாவின் சலாம். போனில் நான் “சாப்பிட்டியா” என்பேன், நீ “ஆச்சுங்கத்தா” என்பாய், உடனே போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். இத்தனை வருடமாக நமக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது பாதியில் போனைக் கை மாற்ற முடியாது. நீ படித்து முடித்தபின் இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். இதில் இருப்பதெல்லாம் நம் தெருவுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதைத்தான் உனக்குச் சொல்லப்போகிறேன்.

போன மாதம் ஜமாஅத்தின் பெரியவர்கள் சிலர் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சர்க்கரையும் முட்டி வலியும் கூடிவிட்டதால் பள்ளிவாசல் நிர்வாகத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடலாம் என்று நானே அவர்களிடம் சொல்லியிருந்தேன். அவர்களுக்கு உன்மேல்தான் கண். கட்டடம் படித்தவன், சொந்த மஹல்லாக்காரன், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்கள். என் எதிரிலேயே உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, முத்தவல்லியாக இருந்து பள்ளியைப் பார்த்துக்கொள்ள வருகிறாயா என்று கேட்டார்கள். நீ, “நான் வரலாமான்னு அத்தாவைக் கேளுங்க. அவரு எல்லாத்தையும் சொல்லட்டும், அப்புறம் பேசலாம்” என்று சொல்லி வைத்துவிட்டாய். வந்தவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். தகப்பனைக் கேட்காமல் ஒரு காரியம் செய்யாத பிள்ளை என்று என்னிடமே உன்னைப் புகழ்ந்தார்கள். நீ சொன்னதன் அர்த்தம் அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் புரிந்தது. டீ டம்ளரை நீட்ட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, சர்க்கரை ஏறிவிட்டது என்று உன் அம்மா மாத்திரையை எடுத்து வந்தாள்.

நான் இந்தப் பொறுப்புக்கு எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு இருந்த முத்தவல்லி மவுத்தாகி அடக்கம் முடிந்தபோது யாரும் முன்வரவில்லை. எனக்கோ ஆசை இருந்தது. பழைய பட்டுப்புடவையை வாங்கி, ஜரிகையைப் பிரித்து அதிலிருக்கிற வெள்ளிக்காக விற்கிறவன் நான். பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாகப் போய் நிற்கிற தொழில். வாசலில் நிற்க வைத்துப் பேசுவார்கள், ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். முத்தவல்லி ஆனபிறகு பள்ளிக்குள் நுழைந்தால் ஆட்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். நிக்காஹ் வீடுகளில் என்னைத் தேடி வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அல்லாவின் வீட்டைப் பார்த்துக்கொள்வதாக எல்லோரிடமும் சொன்னேன். உள்ளுக்குள் என் மரியாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒருவேளை இந்தப் பொறுப்புக்கு வந்தால் முதலில் உன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: ஒருவரும் எழுந்து இடம் விடாவிட்டாலும் இதைச் செய்வாயா? நான் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பள்ளியின் முன்மண்டபத்தை ஒட்டி தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்வதற்கு ஹவுஸ் என்கிற தண்ணீர்த் தொட்டி இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் அதில் மீன் இருக்கிறது என்று யாரோ சொல்ல, எட்டிப் பார்த்து தலைகுப்புற விழுந்தாய். பாங்கு சொல்கிற மோதினார்தான் சட்டையோடு இறங்கித் தூக்கினார். வீட்டுக்கு வந்து என்னிடம் அடி வாங்கினாய். அந்தத் தொட்டியில் பாசி பிடிக்கிறது, வயதானவர்கள் வழுக்கி விழுகிறார்கள் என்று குறை வந்தபோது அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வழி பார்த்திருக்கலாம். நான் அதை மண் கொட்டி மூடிவிட்டு வரிசையாகக் குழாய்கள் வைத்தேன். குழாய்களுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று முன்மண்டபத்தின் மேல் இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளை ஏற்றினேன். மரத்தில் உத்தரம் போட்டு, அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கிய பழைய கூரை அது. நம் முன்னோர்கள் அதன்மேல் தொழுகைப் பாய்களைக் காய வைத்ததைத் தவிர வேறு பாரம் ஏற்றியதில்லை. நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. குழாய்களுக்கு மேலே பளிங்குக் கல்லில் என் பெயரைப் பொறித்துப் பதித்தேன்.

அதற்குச் சில வருடம் கழித்து, நீ பாலிடெக்னிக்கில் கட்டடப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தபோது லீவுக்கு வந்தாய். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு எல்லோரும் போனபின் என்னைக் கூப்பிட்டு மண்டபத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனாய். உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஈரம் கறுப்பாக இறங்கியிருந்தது. நாற்காலி போட்டு ஏறி, உன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மரத்தில் வைத்து அழுத்தினாய். பாலில் ஊறிய ரொட்டிக்குள் போகிற மாதிரி அது உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது மரம் தூளாகக் கொட்டி என் சட்டையில் விழுந்தது.

“அத்தா, தொட்டி ரொம்பி வழியற தண்ணி இங்கதான் இறங்குது. மரம் முனையில இத்துப் போயிருக்குது. முதல்ல தொட்டியை இறக்கிடுங்க. அதுவரைக்கும் இங்க யாரையும் உட்கார விடாதீங்க.”

நோன்பு வரப்போகிறது, கஞ்சிக்கு வரும் கூட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும், பெருநாள் முடியட்டும் என்றேன். நீ விடவில்லை, கயிறு கட்டி இந்தப் பக்கத்தையாவது அடைத்துவிடலாம் என்றாய். அப்போது எனக்குக் கோபம் வந்தது. நான் வைத்த தொட்டி, நான் பதித்த கல். அதைத் தப்பு என்று என் பிள்ளையே சொல்கிறான். “நாலு எழுத்து படிச்சுட்டா பள்ளிவாசலையே இடிக்கச் சொல்லுவியா” என்று கேட்டேன். நீ நாற்காலியை எடுத்து மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். ஹாஸ்டலுக்குத் திரும்பியபிறகும் போனில் இரண்டொரு முறை கேட்டாய். பார்த்துக்கிறேன் என்று சொன்னேன். பெருநாள் போனது, பிறகு உன் அக்கா கல்யாணம் வந்தது, அதன்பிறகு மழை வந்தது. உன்னிடம் சொன்னதை நான் மறந்தேன் என்று நினைக்காதே. மண்டபத்தின் அந்த ஓரத்தைக் கடக்கும்போதெல்லாம் நான் சற்று விலகித்தான் நடந்தேன். அதை இப்போதுதான் ஒருவரிடம் சொல்கிறேன். எனக்காக விலகத் தெரிந்த எனக்கு மற்றவர்களை விலக்கத் தோன்றவில்லை.

மழை விட்டிருந்த ஒரு மதியம் கூரையின் அந்தப் பக்கம் விழுந்தது. லுஹர் முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். மோதினார் ஒருவர்தான் ஈரப் பாய்களைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். நான் என் ஜரிகைக் கடையில் இருந்தேன். தறிச் சத்தம் தெரு முழுக்க ஒரேயடியாக நின்றதுதான் முதலில் எனக்குத் தெரிந்தது. தறிக் குழியிலிருந்து எழுந்து நெசவாளர்கள் பள்ளியைப் பார்த்து ஓடினார்கள். நான் போய்ச் சேரும்போது அவர்கள் செங்கல்லை அள்ளிப் போட்டு, உத்தரத்தைத் தோள் கொடுத்துத் தூக்கி, அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். உயிர் இருந்தது. இடது கால் தொடையிலிருந்து கீழே நசுங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுக்காமல் காப்பாற்றினார்கள், ஆனால் முழங்கால் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். சேதி கேட்டு நீ அன்றைக்கே பஸ் பிடித்து வந்து அவருக்கு ரத்தம் கொடுத்தாய்.

அடுத்த நாள் ஜமாஅத் கூடியது. நீ கடைசியில் சுவரில் சாய்ந்து நின்றாய். எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பதறிப்போய்க் கேட்டார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாலு பேச்சு வாங்கியிருப்பேன், பதவியை விட்டுப் போயிருப்பேன். அவ்வளவுதான். நான் சொன்னது உனக்குத் தெரியும். “கூரை இப்படி இருக்குதுன்னு யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை” என்றேன். அத்தோடு நிறுத்தினேனா? மேலே இருந்து தண்ணீர் வழிந்ததா என்று ஒருவர் கேட்டபோது, மோட்டார் போட்டு நிறுத்துவது மோதினார் வேலை, சில நாள் மறந்துவிடுவார் போலிருக்கிறது என்றேன். அவர் மறந்ததும் உண்டு, நிரம்பினால் தானாக நிற்கிற மாதிரி வால்வு வாங்கிப் போடாதவன் நான் என்பதும் உண்டு. அதை நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடக்கிற மனிதர்மேல் என் பாரத்தையும் இறக்கி வைத்தேன். உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

அன்று சாயங்காலம் உன்னை பஸ் ஸ்டாண்டில் விட வரும்போது, “மோதினாரு மேல போட்டுட்டீங்களே அத்தா” என்று மட்டும் கேட்டாய். ஊர் முன்னால் என்னைத் தலைகுனிய வைப்பாயா என்று கேட்டேன். அவரை மாதாமாதம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே, இது அத்தா உன்னிடம் கேட்பது என்றேன். நீ திறக்கவில்லை. அதன்பிறகு பெருநாளுக்கு வந்தாலும் நம் தெருப் பள்ளியில் நீ தொழுததில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கிற பள்ளிக்கு நடந்து போனாய். படித்த திமிர் என்று பேசினார்கள், நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். மகனே, அந்த மௌனத்தில் உனக்குப் பங்கு இல்லை. பெற்றவன் என்ற உரிமையை வைத்து உன்னிடமிருந்து பிடுங்கியது அது. நான் செய்த பாவங்களில் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் உன்னை எனக்குக் கூட்டாளி ஆக்கியது கடைசியில் வராது.

சொன்னபடி மோதினாரைப் பார்த்துக்கொண்டேன். மாதம் பிறந்தால் அரிசி மூட்டையோடு அவர் வீட்டுக்குப் போவேன். காலை நீட்டியபடியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தொழுகையில் அவரால் இனி தரையில் நெற்றியை வைக்க முடியாது. நாற்காலியில் இருந்தபடி குனிவார். வெகுநாள் கழித்து உட்கார்ந்தே பாங்கு சொல்லவும் ஆரம்பித்தார். நான் போகும்போதெல்லாம் கையேந்தி எனக்காக துஆ செய்வார். “யா அல்லா, மோட்டாரை மறந்த என் மறதியை மன்னிச்சிடு. என்னால உன் வீட்டுக்கு வந்த சேதத்தை மன்னிச்சிடு. என்னைக் கைவிடாத இந்த மனுசனுக்கு பரக்கத்தைக் கொடு” என்பார். அவர் மனைவி ரஹ்மத் பீ கதவருகில் நின்று ஆமீன் சொல்வார். நானும் கையேந்தி ஆமீன் சொல்வேன். மாதாமாதம் சொன்னேன். எத்தனை மாதம் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலில் ஓதி ஊதிக்கொள்ள வருகிற நெசவாளர் வீட்டுப் பெண்கள், மோட்டாரை நிறுத்த மறந்து கூரையை விழவைத்தவர் என்று அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்திருக்கிறது. நல்ல மனுசன், வயசாயிடுச்சு, என்ன பண்றது என்று பரிதாபமாகத்தான் சொன்னார்கள். அந்தப் பரிதாபமும் நான் கொடுத்ததுதான்.

போன மாதம் ஜமாஅத்தாரிடம் பேசி நீ போனை வைத்தபிறகு நான் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முதலில் உன் அம்மாவிடம்தான் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நீ ஸ்குரூ டிரைவரைச் செருகியதிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நான் கேட்டது வரை சொல்லி முடித்தேன். என்மேல் எரிந்து விழுவாள் என்று நினைத்தேன். அவள் கீரைத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “அத்தா பாத்துக்கிற பள்ளியில தொழுவ உனக்குக் கசக்குதான்னு அந்தப் பிள்ளையை நான் எத்தனை பேச்சு பேசியிருக்கேன்” என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் உனக்குப் போன் செய்தாளா தெரியாது. செய்யாவிட்டால், அவளுக்கு வார்த்தை வரவில்லை என்று எடுத்துக்கொள்.

பிறகு மோதினார் வீட்டுக்குப் போனேன். அன்று அரிசி கொண்டு போகவில்லை. அவர் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். நெசவாளர்கள் கொடுக்கிற வேலை, உட்கார்ந்தபடி செய்யலாம். நான் வந்ததும் வழக்கம்போல துஆவுக்குக் கையேந்தினார். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டுச் சொன்னேன். என் மகன் பல மாசத்துக்கு முன்பே சொன்னான், மரம் இத்துப்போனதை என் கண்ணாலேயே பார்த்தேன், தொட்டியை இறக்காமல் விட்டது நான், உங்கள்மேல் சொன்னது பொய் என்றேன். மன்னிப்புக் கேட்கத் தயாரித்து வைத்திருந்த வார்த்தைகள் அதற்குமேல் வரவில்லை.

உண்மையைச் சொன்னால் அவர் மனம் லேசாகிவிடும், என்னை மன்னித்தும் விடுவார் என்று எங்கோ ஓர் ஓரத்தில் எதிர்பார்த்திருக்கிறேன். அதுவும் என் சுயநலம்தான். அவர் நூல் கண்டை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த மனிதர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றும் சத்தம் போடவில்லை.

“கால் போனதுக்குக்கூட நான் அழுவலை பாய். அல்லா வூட்டை நானே இடிச்சுட்டேன்னுதான் தினம் அழுதுக்கினு இருந்தேன். நீங்க எதுர்ல உக்காந்துக்கினு அதுக்கு ஆமீன் சொன்னீங்க.”

ரஹ்மத் பீ கதவை விட்டு உள்ளே வந்து, இனி அரிசி அனுப்ப வேண்டாம் என்று சொன்னார். இதுவரை வந்ததை நன்றியோடு சாப்பிட்டோம், இனி அந்தச் சோறு இறங்காது என்றார். நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். அப்போது மோதினார் உள்ளிருந்து கேட்டார், ஜமாஅத்தில் சொல்லப் போகிறேனா என்று. ஜும்மா முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். சரி என்று மட்டும் சொன்னார்.

இதை உனக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. மறைத்த உண்மையைச் சொல்லிவிட்டால் நல்லது நடந்துவிடும் என்று யாரும் உனக்குச் சொன்னால் நம்பாதே. காலம் கடந்து சொல்லும்போது அது இன்னொருமுறை அடிக்கிறது. அதற்காகச் சொல்லாமலும் இருக்க முடியாது. அடி விழும் என்று தெரிந்தே சொல்ல வேண்டிய நிலைக்கு நம்மைக் கொண்டுவந்ததே நம் தாமதம்தான். நீ நாற்காலியில் ஏறி நின்று சொன்ன அன்றே கேட்டிருந்தால் இரண்டு தொட்டிகளை இறக்குகிற கூலியோடு முடிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சுன்னத் தொழுகையும் முடிந்தபின், யாரும் எழுந்து போக வேண்டாம் என்று தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் எனக்காக அறிவித்தார். அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். நான் எழுந்து நின்றேன். உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்கும்படி ஆரம்பிக்கப் போனபோது, மோதினார் கம்பை ஊன்றி எழுந்து மைக் இருக்கிற மூலைக்குப் போனார். வெளியே இருக்கிற ஒலிபெருக்கியின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, இதில் பேசுங்கள் என்றார். அந்த ஒலிபெருக்கியில் பாங்கையும் மவுத் அறிவிப்பையும் தவிர வேறு எதுவும் போனதில்லை. பெரியவர் ஒருவர் எழுந்து, இப்போது இருக்கிற காலத்தில் நம் வீட்டு விஷயத்தைத் தெருவுக்குச் சொல்ல வேண்டுமா, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே, உள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. பலர் தலையாட்டினார்கள். எனக்கும் உள்ளே ஒரு நிம்மதி வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மோதினார் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. “தெருவெல்லாம்தானே என்னை மறதிக்காரன்னு நெனச்சுக்கினு இருக்குது. தெருவுக்குத்தான் கேக்கணும்” என்றார்.

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். நான் மைக்கின் அருகில் போனேன். அவர் சுவிட்சைப் போட்டார். என் மூச்சே வெளியே தெருவில் கேட்டது. என் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, பள்ளியின் முன்மண்டபக் கூரை விழுந்ததற்கு நான் பொறுப்பு என்றேன். தொட்டியை வைத்தது நான், அது ஆபத்து என்று என் மகன் என்னிடம் சொன்னான், அதை மறைத்து யாரும் சொல்லவில்லை என்று நான் பொய் சொன்னேன், மோதினார்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். இவ்வளவுதான் பேசினேன். பாதியிலேயே தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நிற்பது கேட்டது. முடிக்கும்போது வெளியே ஒரு சத்தமும் இல்லை. என் குரல் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. மோதினார் சுவிட்சை அணைத்தார். ஏதாவது சொல்வார் என்று நான் அவர் முகத்தைப் பார்த்து நின்றேன். “நகருங்க பாய், ஒயரு கால்ல மாட்டும்” என்றார். நகர்ந்தேன்.

அன்று வெளியே வந்தபோது என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனவர்கள் உண்டு. என் முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. வாசலில் நின்றிருந்த ஒரு நெசவாளர், அன்றைக்கு உத்தரத்துக்குத் தோள் கொடுத்தவர், “தெரிஞ்சே விட்டுட்டியா பாய்” என்று கேட்டார். இதுவரை அவர் என்னை நீ என்று பேசியதில்லை. ஆமாம் என்றேன். அவர் தோளில் அந்த மரம் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. கடையில் வியாபாரம் குறைந்திருக்கிறது. குறையட்டும். இந்த மனிதனிடம் புடவையைக் கொடுத்தால் ஜரிகையை ஒழுங்காக நிறுப்பானா என்று ஒருவர் யோசித்தால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சாவிக் கொத்தை அன்றே ஜமாஅத்திடம் கொடுத்துவிட்டேன். என் பெயர் பொறித்த கல்லை உடைக்காமல் கழற்றச் சொன்னேன். கொத்தனார் நெம்பும்போது தானாக உடைந்தது. இப்போதைக்கு மூன்று பேர் சேர்ந்து நிர்வாகம் பார்க்கிறார்கள். மோதினாரின் பராமரிப்பு ஜமாஅத்தின் கடமை, யாருடைய தர்மமும் அல்ல என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதை என் காலத்திலேயே செய்திருக்க வேண்டும். தர்மமாக வைத்திருந்தால்தானே அவர் எனக்கு துஆ செய்வார் என்று, தெரிந்தோ தெரியாமலோ, அப்படியே விட்டிருந்தேன். கடைசி வரிசையில் நின்று தொழுகிறேன். நான் சலாம் சொன்னால் மோதினார் பதில் சலாம் சொல்கிறார், மார்க்கம் சொல்லியிருப்பதால் சொல்கிறார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் மன்னிப்பாரா என்று உன் அம்மா கேட்கிறாள். அதைக் கேட்கிற உரிமை நமக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். ஓதி ஊத வருகிற பெண்கள் இப்போது அவரிடம் நின்று கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகிறார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்கு முதலில் ஊட்டுகிற சோற்றை அவர் கையால் ஊட்டச் சொன்னாளாம். அதை ரஹ்மத் பீ உன் அம்மாவிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

நீ வர வேண்டுமா வேண்டாமா என்பதை நான் சொல்ல மாட்டேன். அத்தாவைக் கேளுங்கள் என்றாய். அத்தா எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இனி முடிவு உன்னுடையது. என் பாவத்தைக் கழுவுவதற்காக வராதே, என்மேல் இருக்கிற கசப்புக்காக வராமலும் இருக்காதே. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பள்ளியில் ஆட்கள் தொழுவார்கள், தலைக்கு மேலே ஒரு கூரை இருக்கும், அது நிற்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். அல்லாவின் வீட்டை அல்லாவே காப்பான் என்று சொல்கிறவனிடம் சாவி போகக் கூடாது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முத்தவல்லியாக வராவிட்டாலும் ஒரு நாள் லீவு போட்டு வந்துவிட்டுப் போ. போன வாரம் பாய் விரிக்கும்போது மேற்குச் சுவரில், ஜன்னலுக்கு மேலே, ஒரு விரிசல் கண்ணில் பட்டது. பூச்சில் மட்டும் வந்ததா, சுவரிலேயே வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்த உடனே மூன்று பேரிடமும் சொல்லிவிட்டேன், கீழே உட்கார வேண்டாம் என்று கயிறும் கட்டியாயிற்று. உன்னை வரச்சொல்லி அவர்களும் கேட்கிறார்கள். வந்து பார். பார்த்ததை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாதே. தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்.

உன் அத்தா